ஊசியும் நூலும் நடத்திய பள்ளி

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கத்தோலிக்கத் துறவியரான கன்னியர் தொடங்கிய பெண்கள் கல்விநிலையங்களை நிலைக்கவைத்தது கொடையா, உழைப்பா? இதுதான் கேள்வி. கொடை என்று பேசிய எதிரணி அண்ணன் நம் சிங்கப்பூர் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் கால்டுவெல் மாளிகையையே தூக்கிவந்து மேடையில் வைத்துவிட்டார். நம் தமிழறிஞர் கால்டுவெல்லோ என்று யாரும் எண்ணவேண்டாம். இவர் இங்கே நீதிமன்ற எழுத்தராக இருந்தவர். அவருக்காகக் கட்டிய அந்த வீட்டைக் குழந்தை இயேசு கன்னியர் மடப் பள்ளிக்காகப் பாதிரியார் பியூரெல் 1852இல் வாங்கினார். மறுக்கவில்லை. வீடு வந்தது. பள்ளி வந்ததா?

அதற்கு 1854 பிப்ரவரி 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் பினாங்கிலிருந்து மதர் மத்தில்டும் உடன்வந்த கன்னியரும், மொத்தம் நான்கே பேர், கரையிறங்கினார்கள். பத்து நாளில் வகுப்பு தொடங்கிவிட்டது. அண்ணன் தம் வீட்டுக்குச் சாயம் பூசவே இதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டார் என்பது இந்த அரங்குக்கே தெரியும்.

பிராஸ் பசா சாலைப் பக்கம் அந்த வளாகத்துக்கு ஒரு சின்னக் கதவு உண்டு. வளர்க்க முடியாத குழந்தைகளை அதன் வாசலில் விட்டுப் போவார்கள். புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று சீனர் சிலர் நம்பிய காலம். நாம் சிரிக்க வேண்டாம். மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நாம்! வீடு வாங்குவது ஒருமுறைச் செலவு. வாசலில் கிடந்த குழந்தைக்குப் பால் வாங்குவது அன்றாடச் செலவு. அதை யார் கொடுத்தார்கள்? கட்டணம் செலுத்திய மாணவியரின் பணத்தில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்டார்கள். போதாததற்குத் தையல் வேலையும் பூவேலையும் செய்து விற்றார்கள். பூவேலை செய்தவர்களைக் கேளுங்கள்: ஓர் இதழ் முடிவதற்குள் கண் எரியும், விரல்நுனி சொரசொரத்துப் போகும்.

அந்த வளாகத்தில் இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் சிற்றாலயம் 1904இல்தான் திறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு! கொடை கொட்டியிருந்தால் அத்தனை காலம் எதற்கு?

சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியையும் அண்ணன் இழுத்தார். பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் அதைத் தொடங்கியது 1947 ஆகஸ்ட் 15 அன்று. மாணவியர் 32 பேர். அந்த 32 பேரை நம்பி எந்தச் செல்வர் பெட்டியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்?

கடைசியாக ஒன்று. 1983இல் பள்ளி அந்த மாளிகையை விட்டுத் தோ பாயோ வட்டாரத்துக்குப் போய்விட்டது. மாளிகை இருக்கும் வளாகத்துக்கு இன்று சைம்ஸ் என்று பெயர். அங்கே கல்யாண விருந்து நடக்கிறது. பள்ளியோ தோ பாயோவில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறது. கொடையாக வந்த வீடுதான் பள்ளியைத் தாங்கியது என்றால், வீட்டை விட்ட பிறகும் பள்ளி எப்படி நிற்கிறது? அண்ணனுக்கு இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருக்கிறது. பதில் சொல்லட்டும்.