48 மாதமா, 54 மாதமா?

நேயர்களுக்கு வணக்கமுங்க. ஈரோட்டில் ஒரு கலைக்கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். டிகிரி முடித்த பிள்ளைகள் குறுகிய காலத்தில் டாக்டர் ஆக முடியுமா என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். முடியும். ஆனால் எந்த ஊரில் டாக்டர் என்று கேட்டுக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும், அதைக் கேட்காமல் விட்டதால்தான் போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு நாள் அடுப்பே எரியவில்லை.

அந்த வீட்டுப் பெண் பி.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்தவள். அப்பாவுக்கு மஞ்சள் வெள்ளாமை. ஒரு நாள் சாயங்காலம் வழவழப்பான நோட்டீஸ் ஒன்றை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். "வாத்தியாருங், டிகிரி இருந்தா நாலே வருசத்துல டாக்டருன்னு போட்டிருக்குதுங், பாருங்க. குடோன்ல மஞ்சள் கிடக்குது, வெல வந்தா வித்துப்போட்டுக் கட்டிடலாமுங்" என்றார். நோட்டீஸில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எந்த நாடு என்பது மட்டும் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருந்தது.

நாலு வருடம் என்பது பொய் இல்லைங்க. இங்கிலாந்தில் வாரிக் பல்கலைக்கழகத்தில் டிகிரி முடித்தவர்களை மட்டும்தான் மருத்துவத்துக்கே எடுக்கிறார்கள், நாலு வருடப் படிப்பு, வரலாறு படித்தவர்கூட விண்ணப்பிக்கலாம். அயர்லாந்தில் லிமரிக்கில் 2007 முதல் இதே முறை. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன், சிட்னியில் நாலு வருட எம்.டி. இங்கே எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ். முடித்துப் படிப்பது, அங்கே முதல் மருத்துவப் பட்டத்துக்கே அந்தப் பெயர், அதில் குழம்பிவிட வேண்டாம். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மூன்றே வருடம், கோடை விடுமுறையை எடுத்துவிட்டு வருடம் முழுக்க நடத்துகிறார்கள். ஏற்கெனவே கல்லூரியில் படித்துப் பழகிய ஆள் என்பதால் ஆரம்பப் பாடங்களை நெருக்கிப் போடுகிறார்கள், நோயாளியின் கட்டில் பக்கத்தில் நின்று கற்கிற பகுதியில் கை வைப்பதில்லை. படிப்பை நான் குறை சொல்லமாட்டேன்.

சேருவதும் லேசில்லை. இவற்றில் சில கல்லூரிகள் காம்சாட் என்று ஒரு நுழைவுத் தேர்வு கேட்கும், அதில் அறிவியல் ஒரு பகுதிதான், மற்ற இரண்டில் ஒன்று வாசித்துப் புரிந்துகொள்வது, இன்னொன்று உட்கார்ந்து கட்டுரை எழுதுவது. நம் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கட்டுரையில்தான் மாட்டிக்கொள்வார்கள் என்பது என் எண்ணம். இங்கிலாந்துக்கு அக்டோபர் 15க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், மறு வருடம் படிப்பு. அங்கே பல கல்லூரிகள் நாலு வருடப் படிப்பை உள்நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகள் அந்த நாட்டிலோ கனடாவிலோ சில வருடமாவது படித்திருக்க வேண்டும் என்று கேட்கும், நம் மூன்று வருட பி.எஸ்சி.யை வைத்துக்கொண்டு நேரே போய் நிற்க முடியாது. பணமோ, ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டுப் பிள்ளைக்கு நாலு வருடத்துக்கும் சேர்த்துக் கோடியைத் தாண்டும். அதற்கு எத்தனை குடோன் மஞ்சள் என்று அவரிடம் நான் கேட்கவில்லை, அவரே மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் கேட்டது ஒன்றுதான். படித்து முடித்து அம்மிணி எங்கே வேலை பார்க்கும்? "இங்கதானுங், பெருந்துறைப் பக்கம் ஒரு கிளினிக்கு வச்சுக் குடுத்தரலாமுங்" என்றார்.

சரி, அப்போது கணக்கைப் பாருங்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று ஒரு விதி கொண்டுவந்தது. வெளிநாட்டில் மருத்துவம் படித்து இங்கே டாக்டராகப் பதிவு செய்ய வேண்டுமானால் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும், அதற்கு மேல் அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி, பாடம் ஆங்கிலத்தில், அந்த நாட்டிலேயே அந்த ஊர்க்காரர்களைப் போல டாக்டராகத் தொழில் செய்யும் தகுதியும் வேண்டும். நாலு வருடத்துக்கு எத்தனை மாதம்? 48. அவர் விரலை மடக்கிப் பார்த்தார், இரண்டாம் தடவையும் மடக்கிப் பார்த்தார். ஆறு மாதம் குறைகிறது. அந்த ஆறு மாதத்தை அப்புறம் எங்கேயாவது படித்து ஒட்டவைத்துக்கொள்ளவும் வழி இல்லை, முழுப் படிப்பும் ஒரே கல்லூரியில் முடிய வேண்டும்.

பிலிப்பைன்ஸ் போன நம் ஊர்ப் பிள்ளைகள் இதில்தான் அடிபட்டார்கள். அங்கே முதலில் பி.எஸ். என்று ஒரு இளங்கலைப் படிப்பு, பிறகு நாலு வருட எம்.டி. முன்னால் படித்த பி.எஸ்.ஸைக் 54 மாதக் கணக்கில் சேர்க்க முடியாது என்று ஆணையம் சொல்லிவிட்டது.

வெளிநாடு போகிறவர்களும் நீட் தேறியிருக்க வேண்டும். "நீட்டே வேண்டாம்" என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். திரும்பி வந்தால் இங்கே ஒரு தகுதித் தேர்வு, 300க்கு 150 வாங்க வேண்டும், அதில் தேறுகிறவர்களைவிடத் தவறுகிறவர்கள்தான் அதிகம். அதற்குப் பிறகு இங்கேயும் ஒரு பயிற்சிக் காலம் உண்டு.

அங்கேயே தங்கி வாழப் போகிற பிள்ளைக்கு இந்த 54 மாதக் கணக்கு தேவையில்லை, அவர்களுக்கு நாலு வருடப் படிப்பு நல்ல வழிதான். கல்லூரியிடமும் ஆணையத்திடமும் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது விமான நிலையம் வரைக்கும்தான் கூட வரும்.

நம் நாட்டில் டிகிரிக்காரர்களுக்கென்று குறுக்குவழி எம்.பி.பி.எஸ். கிடையாது, எல்லோருக்கும் நாலரை வருடமும் ஒரு வருடப் பயிற்சியும்தான். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் குரூப் எடுத்தவர் டிகிரி முடித்த பிறகும் நீட் எழுதலாம், இப்போதைக்கு மேல் வயது வரம்பு இல்லை. 2022 ஜனவரியில் திருப்பூர், நாமக்கல், ஊட்டி என்று நம் பக்கத்திலேயே மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் புதிதாக வந்தன, கோயம்புத்தூரும் பெருந்துறையும் முன்பே இருக்கின்றன.

அந்தப் பெண் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பரணில் ஏறிப் பழைய பிளஸ் ஒன் புத்தகங்களை இறக்கினாள். தம்பியும் இந்த வருடம் நீட் எழுதுகிறான். விலங்கியல் புத்தகம் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அக்கா பத்து மணி வரை, அதற்குப் பிறகு தம்பி. அட்டை கிழிந்துவிட்டதென்று அந்த வழவழப்பு நோட்டீஸைத்தான் அட்டையாகப் போட்டிருக்கிறார்கள். வணக்கமுங்க.