சில்லருக்குள் ஓடுவது என்ன?

வணக்கம் நேயர்களே. ஆலைகளில் இயந்திரங்களைக் குளிர்விக்கும் சில்லரைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். சில்லர் வாங்கும்போது கம்ப்ரசர் எது, எத்தனை வருட வாரண்டி என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். உள்ளே எதை ஊற்றப் போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை பாதித் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அளவு. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால், அது சுமார் 70 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடி 5 டிகிரி ஏறினால் 3.5 கிலோவாட், அதாவது ஏறக்குறைய ஒரு டன் (இங்கே டன் என்பது எடையல்ல, குளிர்விக்கும் திறனின் அலகு). இந்தக் கணக்கு கையில் இருந்தால் விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் காட்டும் டன் எந்த வெப்பநிலையில் என்று கட்டாயம் கேளுங்கள். சுற்றியுள்ள காற்று சூடாக ஆக, வெளிவரும் தண்ணீர் குளிர்ச்சியாக ஆக, அதே சில்லரின் திறன் குறைந்துகொண்டே போகும். அதற்காக இரண்டு மடங்கு பெரிதாக வாங்குவதும் சரியில்லை. கம்ப்ரசர் அடிக்கடி நின்று நின்று ஓடிச் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

சரி, கூலண்டுக்கு, அதாவது உள்ளே ஊற்றும் திரவத்துக்கு வருவோம். குழாய்த் தண்ணீரை ஊற்றினால் உப்பு படியும், அது தெரிந்ததுதான். 'அப்படியானால் மிகத் தூய்மையான, அயனி நீக்கிய நீரை ஊற்றிவிடலாமே' என்பார்கள். அந்த நீர் எதையாவது கரைத்துக்கொள்ளத் துடிக்கும். செம்புக் குழாயையே அரிக்க ஆரம்பிக்கும். இயந்திரத்தின் கையேடு கேட்டால் மட்டுமே அது, அதுவும் துருப்பிடிக்காத எஃகுப் பாதையில். ஒரே சுற்றில் அலுமினியமும் செம்பும் இருந்தால், அரிப்புத் தடுப்பான் கலக்காத எந்தத் தண்ணீரும் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

உறைபனிக்குப் பயந்து, தண்ணீரை உறையவிடாத கிளைக்கால் என்ற திரவத்தைக் கலப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்தால், கலவை வெப்பத்தைச் சுமக்கும் திறன் தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். பம்புக்கும் பளு கூடும். 30 சதவீதமே சுமார் மைனஸ் 15 டிகிரி வரை தாங்கும். திறன் குறையுமே என்று பயந்துபோய் 10 சதவீதம் மட்டும் கலப்பது அதைவிட மோசம்: அந்த அளவில் கிளைக்கால் கிருமிகளுக்குத் தீனி. டேங்கைத் திறந்தால் வழவழவென்று பாசி மாதிரி ஒட்டியிருக்கும், நாற்றமும் அடிக்கும். உணவு தயாரிக்கும் இடமென்றால் நச்சுள்ள எத்திலீன் வகை வேண்டாம், புரோப்பிலீன் வகைதான். காருக்கு ஊற்றும் கூலண்டையும் தொடாதீர்கள். பலவற்றில் இருக்கும் சிலிகேட், கூழாகத் திரண்டு பம்பின் சீலைக் கெடுக்கும்.

பராமரிப்பில் ஒரே ஒரு கருவி வாங்கலாம் என்றால் நான் ரிஃப்ராக்டோமீட்டரைச் சொல்வேன். கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு கலவையின் அடர்த்தியைக் காட்டிவிடும். இரண்டு வகை கிளைக்காலுக்கும் அளவுகோல் வேறு, பார்த்துப் படியுங்கள். மட்டம் இறங்கும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் கலவை நீர்த்துவிடும். கசிந்தது வெறும் தண்ணீர் இல்லையே! கலவையின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மொத்தமாக மாற்றுங்கள்.

வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் தகடுகளில் தூசி அடைந்தால், காற்று வரும் திசைக்கு எதிராக மெதுவாக ஊதுங்கள். வேகமாக அடித்தால் தகடு வளைந்துவிடும். பில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருந்தால் அடைப்பு தானாகவே தெரியும். புழுக்கமான நாட்களில் வெப்பநிலையைத் தேவைக்கு மேல் குறைத்து வைக்காதீர்கள். குழாய் வியர்க்கும், குளிர்விப்பது லேசர் இயந்திரமாக இருந்தால் லென்ஸே வியர்க்கும்.

அப்புறம், பழைய கூலண்டோடு புதிய வகையைக் கலக்காதீர்கள். வடித்து, நன்றாக அலசிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். வடித்ததைச் சாக்கடையில் கொட்டவும் கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் என்பதால் நாய், பூனை நக்கிவிடும். மூடிய கேனில் பிடித்து, கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.