சாய்ந்த முருங்கை

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருஷம் ஆடி மாதம் என் பள்ளித் தோழி ஒருத்தி ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே அவளுடைய அம்மாவின் சுங்குடிப் புடவை. அரக்கு நிறம். துவைத்துத் துவைத்து மெலிந்துபோய், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் இருக்கும் விரல் தெரிந்தது. அம்மா போய் அப்போது மூன்று வருஷம். "கட்டவும் முடியலை, யாருக்கும் தூக்கிக் கொடுக்கவும் மனசு வரலை. இதுல எங்க வீட்டுக் கொல்லைப்புறத்தைத் தைச்சுக் குடுடி" என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேலாக நான் சிநேகிதர்களுக்கு இப்படித் துணியில் ஊசி நூலால் கை வேலைப்பாடு தைத்துக் கொடுத்து வருகிறேன். சுவரில் மாட்டுகிற படமாக இருக்கும், பிறக்கப்போகிற பேரனுக்குப் போர்வையாக இருக்கும். கடை கிடையாது, போர்டு கிடையாது. தெரிந்தவர்கள் கேட்கிறார்கள், தைக்கிறேன். அந்த வேலையைப் பற்றிப் பேசத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள்.

பரிசாகத் தைப்பதும், ஒருவர் கேட்டுத் தைத்துக் கொடுப்பதும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இரண்டும் வேறு. தோழியின் பிறந்த நாளுக்கு நான் கைக்குட்டையில் ரோஜாப்பூ போட்டுக் கொடுத்தால், பூ என் விருப்பம், நிறமும் என் விருப்பம். அவள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வாள். ஆனால் ஒருத்தி இதைத் தைத்துக் கொடு என்று வந்து உட்காரும்போது, அவள் மனதுக்குள் படம் ஏற்கெனவே இருக்கிறது. அது எனக்குத் தெரியாது. பல சமயம் என்ன இருக்கிறது என்று அவளுக்கே முழுதாகத் தெரியாது. பேசப் பேசத்தான் வெளியே வரும். ஊசியை எடுப்பதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கியாக வேண்டும். நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டது பெரும்பாலும் இந்தக் கேட்கிற பக்கம்தான்.

அந்தக் கொல்லைப்புறத்தையே சொல்கிறேன். கிணறு, துவைக்கிற கல், முருங்கை மரம், இவ்வளவுதான் சொன்னாள். முருங்கை எனக்குத் தெரியாத மரமா? நேராக நிமிர்ந்த அடிமரம், பொடிப்பொடியாக இலை, நாலைந்து காய் தொங்குகிற மாதிரி வரைந்தேன். அடிமரத்துக்குக் காம்புத் தையல், இலைக்கு இரண்டு இழையில் சின்னச் சின்ன லேஸி டெய்ஸி, அதாவது இதழ் மாதிரி விழுகிற தையல். பன்னிரண்டு நாள் உட்கார்ந்து தைத்தேன். அவளை வரச்சொல்லிக் காட்டினேன். பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். அந்த "நல்லாருக்கு" எனக்குப் பழக்கமான ஒன்று. மனசுக்குப் பிடிக்காததைப் புண்படாமல் சொல்கிற குரல். காபி கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். "எங்க மரம் கிணத்துப் பக்கமாச் சாஞ்சிருக்கும். ஒரு மழையில சாஞ்சது. அப்பா வெட்டணும்னார், அம்மா விடலை. அப்புறம் அந்தக் கிளையிலதான் ஈரத் துணியெல்லாம் போடுவா."

சரி, பிரித்தேன்.

பிரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தைக்கக் கற்றுக்கொடுக்கிறவர்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. முன்பக்கம் கத்தரி வைக்கக் கூடாது. துணியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒரு இடம் நூலை வெட்டி, ஊசியின் காதுப் பக்கத்தால் ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் புடவையின் இழையும் சேர்ந்து வந்துவிடும். பிரித்த இடத்தில் வரிசையாக ஓட்டை தெரியும். புதுத் துணியானால் கொஞ்சம் நீர் தெளித்து நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்தால் மூடிக்கொள்ளும். பழைய துணிக்கு அந்தத் தெம்பு இல்லை. ஊசி முனையால் ஒவ்வொரு இழையையும் தள்ளித் தள்ளிப் பக்கத்தில் சேர்த்தேன். அப்படியும் மூடாத இடங்களில், சாய்ந்த மரத்தின் இலைகளைக் கொண்டுவந்து வைத்தேன். மரம் முன்னைவிட அடர்த்தியாகிவிட்டது. கிளையில் ஒரு ஈரத் துண்டும் போட்டேன்.

அந்தப் புடவை அசல் கட்டுச் சுங்குடி. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். துணியை நகத்தால் கிள்ளிப் பிடித்து, நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். புடவை முழுக்க இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சு. சாயத்தில் முக்கி, காயவைத்து, முடிச்சை அவிழ்த்தால் கட்டின இடம் மட்டும் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். சௌராஷ்டிரக் குடும்பங்கள் மதுரையில் வளர்த்த வேலை இது. 2005-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கடையில் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சுப் போட்டது; அதில் எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருக்கும். கட்டுச் சுங்குடியில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. தோழியின் அம்மா புடவையில் சில புள்ளிகள் இன்னும் லேசாகக் குவிந்தே இருந்தன, முடிச்சை நேற்றுத்தான் அவிழ்த்த மாதிரி. அவற்றின் மேல் தைக்க எனக்குக் கை வரவில்லை. இலைகளுக்கு நடுவே அப்படியே விட்டுவிட்டேன். மரத்தடியில் விழுகிற வெயில் பொட்டாக அவை நின்றுவிட்டன.

நூலுக்கு அந்தப் புடவையின் கரையிலிருந்தே கொஞ்சம் உருவினேன். இது என் யோசனை இல்லை. வங்காளத்துப் பெண்களிடமிருந்து கற்றது. அங்கே காந்தா என்று ஒரு தையல் உண்டு. நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பழைய புடவைக் கரையில் உருவிய வண்ண நூலால், ஓட்டுத் தையல் போட்டே போர்வையும் விரிப்புமாக ஆக்கிவிடுவார்கள். நம்முடைய கந்தை என்ற சொல்லுக்கும் அதற்கும் உறவு உண்டு. அந்தக் காலத்துக் காந்தாக்கள் விற்பதற்குத் தைத்தவை அல்ல, வீட்டு மனிதர்களுக்காகத் தைத்தவை. கொல்கத்தாவை ஒட்டிய ஜோக்காவில் குருசதய் தத்தர் சேகரித்த பொருள்களைக் கொண்ட அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தச் சேகரிப்பில் 19-ஆம் நூற்றாண்டுக் காந்தா ஒன்று. மானதாசுந்தரி என்ற பெண் தன் தகப்பனாருக்காகத் தன் கையாலேயே தைத்தது. அதையும் நூலாலேயே எழுதிவைத்திருக்கிறாள். தைத்தவள் பெயரும், யாருக்காகத் தைத்தாள் என்பதும் ஒரே துணியில் இருக்கின்றன. அதைத் தெரிந்துகொண்ட பிறகு நானும் பின்பக்கம் ஓர் ஓரத்தில், இன்னாருக்காக என்று ஒரு வரி தைத்துவிடுகிறேன்.

கேட்டுத் தைக்கிற பழக்கத்தை நான் முதலில் பார்த்தது புதுமண்டபத்தில். மீனாட்சியம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே அந்தக் கல் தூண்களுக்கு நடுவில் தையல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த காலம் அது. இப்போது கடைகளெல்லாம் அங்கிருந்து இடம் மாறிவிட்டன. சித்திரைத் திருவிழா நெருங்கினால், அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடைகள் அங்கே தயாராகும். சிவப்பும் பச்சையுமாகத் துணியை வெட்டி ஒட்டித் தைத்து, ஜரிகை வைத்து, பார்க்கவே கண் கொள்ளாது. நூல்கண்டு வாங்க அம்மாவோடு போவேன். அங்கே ஒரு பெரியவர் அளவு எடுக்கும்போது, யாருக்கு வேண்டுதல், எத்தனாவது வருஷம் என்றெல்லாம் விசாரித்துக்கொண்டேதான் எடுப்பார். சின்ன வயதில் அது வெறும் பேச்சு என்று நினைத்தேன். அவர் அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் தைத்துக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அப்புறம் கூலி. இதைப் பேசக் கூச்சப்படுகிறோம், பேச வேண்டும். கைத்தையல் நூலில் ஒரு கண்டு என்பது 8 மீட்டர். ஆறு இழையாக இருக்கும். அதை இரண்டிரண்டு இழையாகப் பிரித்துத் தைத்தால் 24 மீட்டர் வரும். ஓர் அடி உயர முருங்கை மரத்துக்கு எனக்குப் பச்சையிலேயே நாலு விதம், ஏழு கண்டு ஆனது. நூல் செலவு பெரிதில்லை, நேரம்தான் பெரிது. முன்பெல்லாம் சிநேகிதர்களிடம் காசு வாங்க மாட்டேன். ஒரு அக்காவுக்கு அவர்கள் மகள் கல்யாணத்துக்காக ஒரு திரை தைத்தேன், ஒரு பைசா வாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த மயில் அவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. சும்மா செய்து கொடுக்கிறவளிடம் எப்படிக் குறை சொல்வது என்று வாயை மூடிக்கொண்டார்களாம். எனக்கு ரொம்ப வேதனையாக இருந்தது. அன்றிலிருந்து கொஞ்சமாவது கூலி வாங்குகிறேன். காசு கொடுத்தவருக்கு "இதை மாற்று" என்று சொல்ல வாய் வருகிறது. கூலி வாங்காமல் இருந்திருந்தால் அந்த மரம் இன்றைக்கும் நேராகத்தான் நின்றிருக்கும்.

ஒரு முறை பெரிய தவறு நடந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் சிவப்பு நூல் வாங்கி, வெள்ளைத் துணியில் குங்குமச் சிமிழ் தைத்தேன். படத்தைத் துணியில் பதித்த கார்பன் கோடு போக வேண்டும் என்று நனைத்தேன். சாயம் இறங்கித் துணி முழுக்க ரோஸ் நிறம் ஏறிவிட்டது. அது ஒரு தோழியின் பாட்டி நெய்த துணி, வேறு துண்டு கிடையாது. அவளிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது எந்த நூலானாலும், குறிப்பாகச் சிவப்பும் கறுப்பும், ஒரு சாண் வெட்டி நனைத்து வெள்ளைத் துணிக்குள் மடித்து அழுத்தி வைத்துவிடுவேன். காலையில் கறை இல்லாவிட்டால்தான் ஊசியில் கோப்பேன். தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்க மாட்டுகிற வளையத்தையும் இரவில் கழற்றிவிட வேண்டும். விட்டுவைத்தால் பழைய துணியில் அந்த வட்டத் தழும்பு போகாது. மெலிந்த துணிக்கு அடியில் மல் என்கிற மெல்லிய பருத்தித் துணி கொடுத்து, இரண்டையும் சேர்த்துத் தைத்தால் தையலின் பாரத்தை மல் தாங்கிக்கொள்ளும்.

முடிந்ததும் ஃபிரேம் போடுவதற்கு முன்னால் பின்பக்கத்தையும் காட்டிவிடுவது என் வழக்கம். நீலகிரியில் தோடர் பெண்கள் தைக்கிற பூத்குளிப் போர்வையை ஒரு முறை கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக வேலைப்பாடு. துணியில் முன்னால் எதையும் வரைந்துகொள்வதில்லை, வளையமும் இல்லை. நெசவின் இழைகளை எண்ணி எண்ணியே ஊசியை விடுகிறார்கள். அதன் இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் போர்த்தலாம். 2013-ல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அந்தக் கை வராது. என் பின்பக்கத்தில் பிரித்துத் தைத்த இடம், நிறம் மாற்றிய இடம் எல்லாம் தெரியும். தோழி அதைத்தான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் நின்ற நேர் மரத்தின் அடையாளம் மல் துணியில் லேசாகத் தெரிந்தது. அதை விரலால் தடவிவிட்டு, "இது சாயறதுக்கு முந்தி" என்றாள்.

இப்போது கையில் இருப்பது வேறொரு வேலை. கூட வேலை பார்த்த நண்பர் ஒருவரும் அவர் தம்பியும் சேர்ந்து கேட்டது. விற்றுப்போன பாட்டி வீட்டின் வாசலைத் தைக்க வேண்டும். திண்ணை முடிந்துவிட்டது, தூண் முடிந்துவிட்டது. திண்ணையில் பாட்டியின் வெற்றிலைப் பெட்டி இருக்கும் என்பது அவர்களுக்கே மூன்றாவது தடவை பேசும்போதுதான் ஞாபகம் வந்தது, அதையும் வைத்துவிட்டேன். கதவு மட்டும் பாக்கி. அண்ணன் பச்சை என்கிறார், தம்பி நீலம் என்கிறார். போட்டோவில் பார்க்கலாம் என்றால் எல்லாம் கறுப்பு வெள்ளை. ஊரில் இருக்கும் அத்தையைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நேற்று இரவு போன் செய்தார்கள். இரண்டு நிறத்திலும் நூலை நனைத்துப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றி. வணக்கம்.