எடுகோளைக் கவிழ்த்த கோபால்ட்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இயற்பியல் நிற்பது, நிரூபிக்காமலே உண்மையென்று ஏற்கும் எடுகோள்களின் மேல்தான் என்று வாதிட்ட எதிரணித் தலைவர், நியூட்டனைச் சாட்சிக்கு அழைத்தார். 1687இல் தம் 'பிரின்சிபியா' நூலில் அவரே 'எடுகோள்கள் அல்லது இயக்க விதிகள்' என்று தலைப்பிட்டாராம். உண்மைதான். இன்னும் சில பக்கம் புரட்டியிருக்கலாம். அங்கே அதே நியூட்டன் பத்தடி ஊசல்களை மோதவிட்டு, காற்றுத் தடையால் குறையும் வீச்சைத் தனியே கணக்கிட்டுத் திருத்தி, மூன்றாம் விதி தேறுகிறதா என்று பார்க்கிறார். வடிவியலை எடுகோள்களின் மேல் கட்டிய யூக்ளிட் எந்த ஊசலையும் தொங்கவிடவில்லை!

சரி, பெரும்பாலோர் கேள்வியே கேட்காத ஓர் எடுகோளுக்கு வருவோம். ஒரு நிகழ்வு நடக்குமானால், அதன் கண்ணாடிப் பிம்பமும் அதே விதிப்படி நடக்கும். பாரிட்டி காப்பு என்பார்கள். 1956இல் இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும் தேடியபோது, அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்ந்து மாறும் பீட்டா சிதைவில் இதற்குச் சோதனைச் சான்றே இல்லை என்று தெரிந்தது. அப்போதும் பவுலி போன்ற இயற்பியல் மேதை அதன் பக்கமே நின்றார்.

அந்த ஆண்டு இறுதியில் வாஷிங்டனில் இயற்பியலாளர் சியன்-ஷியுங் வூ குழுவினர், பீட்டா சிதைவுறும் கோபால்ட்-60 அணுக்கருக்களின் சுழற்சியை ஒரே திசையில் நிறுத்தினார்கள். அதற்கு வெப்பநிலை 0.01 கெல்வின் அளவுக்கு, தனிச்சுழிக்குச் சற்றே மேல்வரை, இறங்க வேண்டும். சீரியம் மக்னீசியம் நைட்ரேட் படிகத்தைக் காந்தப்புலத்தில் குளிர்வித்து, பிறகு புலத்தை விலக்கினால் அது கிடைக்கும். கோபால்ட் அந்தப் படிகத்தின் ஆழத்தில் இருந்தால் எலக்ட்ரான் வெளியே வருமுன் சிதறி, கிளம்பிய திசை தொலைந்துவிடும். அதனால் மேற்பரப்பில் மெல்லிய படலமாக மட்டும் வைத்தார்கள். படலமோ சீக்கிரம் சூடேறும். அதே படிகத்தாலேயே சுற்றி உறை கட்ட வேண்டியதாயிற்று. மேலே ஏறத்தாழ 2 செ.மீ. தள்ளி, குளிர்கலனுக்குள்ளேயே, எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் ஓர் ஆந்த்ரசீன் படிகம், அவற்றை எண்ண. அணுக்கருக்கள் எவ்வளவு ஒழுங்காக நிற்கின்றன என்பதைக் வெவ்வேறு திசையில் வைத்த காமா கதிர் எண்ணிகள் இரண்டின் எண்ணிக்கை வேறுபாடு காட்டியது.

கண்ணாடியில் சுழற்சியின் திசை எலக்ட்ரானின் திசையோடு ஒப்பிட்டால் தலைகீழாகும்; பிம்பமும் அதே விதிப்படி நடக்குமென்றால் எலக்ட்ரான்கள் இரு பக்கமும் சமமாக வந்திருக்க வேண்டும். ஆனால் அவை சுழற்சிக்கு எதிர்த்திசையிலேயே அதிகம் வந்தன. அணுக்கருக்களை ஒரே திசையில் நிறுத்திய வேறொரு காந்தப்புலத்தைத் திருப்பினால் எண்ணிக்கையும் மாறியது. புலமே எலக்ட்ரானை வளைத்திருக்கலாமே என்பீர்கள். சில நிமிடங்களில் படிகம் சூடேறியதும், அந்தப் புலம் அப்படியே இருந்தும், காமா வேறுபாடும் எலக்ட்ரான் வேறுபாடும் சேர்ந்தே மறைந்தன. என் கணக்கில் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

எடுகோளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கணக்குப் போட அது வேண்டும். பழையது போனால் புதிய எடுகோள் வைப்போம் என்கிறீர்களா? வையுங்கள். ஆனால் இயற்கை இடக்கைப் பழக்கமா வலக்கைப் பழக்கமா என்பதை எந்த எடுகோளிலிருந்து வருவிப்பீர்கள்? எதிரணியில் அடுத்துப் பேசுபவர் அதை மட்டும் போட்டுக் காட்டட்டும், நடுவரே.