பங்காளி நகர்த்திய வரப்பு
(குடியாத்தத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

வணக்கம். எலியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒரு பெரியவர் சிரித்தார். கழனி வைத்திருப்பவர் போலிருக்கிறது. எலியைப் பற்றி அவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. அதன் மீசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுண்டெலிக் குஞ்சு கண் திறக்க 12, 14 நாள் ஆகும். காதும் ஏறக்குறைய அப்போதுதான் கேட்கத் தொடங்கும். அதுவரை மோப்பமும் மீசையும்தான் அதற்கு உலகம். 1970ல் வுல்சி, வான் டெர் லூஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சுண்டெலியின் மூளைப் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், பெரிய மீசைமயிர் ஒவ்வொன்றுக்கும் நரம்பணுக்களாலான தனித்தனிப் பாத்தி இருப்பதைக் கண்டார்கள். முகத்தில் 5 வரிசை என்றால் மூளையிலும் 5 வரிசை. அவர்கள் வைத்த பெயர் பீப்பாய். நமக்குப் பாத்திதான் சரி.

1973ல் அவர்களே இன்னொன்றைக் காட்டினார்கள். பிறந்த குஞ்சின் மீசை வேர்களை அழித்தால், அவற்றுக்கான பாத்திகள் மூளையில் உருவாவதே இல்லை. பக்கத்துப் பாத்திகள் அகன்றுவிடுகின்றன. பங்காளி வெளியூரில் இருக்கும்போது, அண்டை வெட்டுகிற சாக்கில் வரப்பை ஒரு முழம் தள்ளுவது நம் பக்கம் தெரியாததா? (சிரிப்பு)

ஆனால் ஈரம் இருக்கும்போதுதான் வரப்பு நகரும். பிறந்து முதல் நான்கைந்து நாள்தான் கணக்கு. அதே வேரை ஒரு வாரம் கழித்து அழித்தால் பாத்தி போட்டபடியே இருக்கும்.

இன்னொரு விசித்திரம். வேரை விட்டுவிட்டு மயிரை மட்டும் தினமும் கத்தரித்துவந்தால், பாத்திகள் ஒழுங்காகவே உருவாகின்றன. வேரிலிருந்து மூளைத்தண்டு, மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாகப் புறணிக்குப் போகும் நரம்புவழி அறுபடவில்லை அல்லவா? ஆனால் பிறகு மயிர் வளர்ந்து வந்தாலும், அந்தப் பாத்திகளின் நரம்பணுக்கள் தொடுதலுக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. வரப்பு இருக்கிறது, விளைச்சல் கோளாறு. எனக்கு அந்த முதல் சோதனையைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது. படம்பிடித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்!

ஒரு புலன் போனால் இன்னொன்று பெருப்பதும் உண்டு. பிறந்ததும் கண்ணை இழந்த சுண்டெலிகளுக்கு மீசை வழக்கத்தைவிட நீண்டு வளர்ந்தது; மூளையில் மீசைப் பாத்திகளும் பெருத்தன.

கூட்டம் முடிகிற நேரத்தில் ஓர் அம்மா எழுந்தார். “ஐயா, காது கேக்காத புள்ளைக்குச் சீக்கிரம் மெஷின் வைக்கணும்னு டாக்டருங்க அவசரப்படுத்துறாங்களே, அதுவும் இதுதானா?”

இதேதான் அம்மா. எலிக்கு நாள் கணக்கு, நம் பிள்ளைகளுக்கு வருஷக் கணக்கு. கேட்காமலே வளர்கிற குழந்தையின் மூளையில் ஒலிக்கான இடம் தரிசாகக் கிடப்பதில்லை. பார்வையும் தொடுதலும் அங்கே குடியேறத் தொடங்கிவிடும். பல வருஷம் கழித்துக் கருவி வைத்தால் சத்தம் உள்ளே போகும். அதைப் பேச்சாகப் பிரித்துக் கேட்பதுதான் பெரும்பாடு.