தவணை குறைய வேண்டாம், வருடம் குறையட்டும்

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் உங்களில் பாதிப் பேர் சமையலறையில் இருப்பீர்கள், சிலர் கடையில், சிலர் வண்டியில். பேனா, தாள் எதுவும் எடுக்க வேண்டாம். கொஞ்சம் எண்கள் வரும், முக்கியமானதை இரண்டு முறை சொல்லிவிடுகிறேன்.

பேச வந்தது வீட்டுக் கடனைப் பற்றி. கடன் வாங்கச் சொல்லித்தர நிறைய பேர் இருக்கிறார்கள். நாம் கேட்காமலே போனில் கூப்பிட்டுச் சொல்கிறார்கள். வாங்கிய கடனைச் சீக்கிரம் கட்டி முடிப்பது எப்படி என்று சொல்லத்தான் ஆள் குறைவு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உடன் வேலை பார்த்த ஆசிரியர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று பலரோடும் உட்கார்ந்து அவர்களுடைய கடன் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க, இதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்ற ஆசை பெரிதாகிக்கொண்டே போனது.

ஒரு சாதாரணக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 30 லட்சம் ரூபாய் கடன், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம். மாதத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாய் வரும். முதல் மாதம் நீங்கள் கட்டுகிற அந்தப் பணத்தில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது 4,785 ரூபாய்தான். ஒரு வருடம் முழுக்கத் தவறாமல் கட்டினால், 3 லட்சத்து 12 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். கடன் எவ்வளவு குறைந்திருக்கும்? அறுபதாயிரம்கூட இல்லை. 30 லட்சம் என்பது 29 லட்சத்து 40 ஆயிரமாக நிற்கும். இருபது வருடமும் இப்படியே கட்டினால் மொத்தம் 62 லட்சத்துக்கு மேல் ஆகும். வாங்கியது 30 லட்சம்.

இதில் வங்கி ஏமாற்றுகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். மிச்சம் இருக்கிற அசலுக்கு வட்டி போடுகிறார்கள். ஆரம்பத்தில் அசல் பெரிதாக இருக்கிறது, வட்டியும் பெரிதாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். அதே காரணத்தால்தான், ஆரம்பத்தில் அசலில் விழுகிற சின்னப் பணத்துக்குப் பெரிய பலன் கிடைக்கிறது.

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். அதே கடனில், முதல் வருட முடிவில் ஒரு லட்சம் ரூபாயைத் தனியாக அசலில் கட்டுகிறீர்கள், தவணையை மாற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். கடன் பதினெட்டு மாதம் முன்னதாக முடிந்துவிடும். பதினெட்டு மாதத் தவணை என்றால் 4 லட்சத்து 68 ஆயிரம். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்து வருடம் கழித்துக் கட்டினால் ஆறு மாதம்கூடக் குறையாது. மறுபடி சொல்கிறேன்: முதல் வருட முடிவில் கட்டிய லட்சத்துக்குப் பதினெட்டு மாதம், பதினைந்தாம் வருட முடிவில் கட்டிய லட்சத்துக்கு ஆறு மாதத்துக்கும் குறைவு. "சம்பளம் ஏறட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களிடம் இந்த இரண்டு எண்களைத்தான் நான் சொல்வது வழக்கம்.

அப்படிப் பணம் கட்டப் போகும்போது வங்கியில் ஒரு கேள்வி வரும். தவணையைக் குறைக்கட்டுமா, காலத்தைக் குறைக்கட்டுமா என்று கேட்பார்கள். சில இடங்களில் கேட்காமலே ஏதாவது ஒன்றைச் செய்துவிடுவார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: தவணை குறைய வேண்டாம், வருடம் குறையட்டும். இதை எழுத்தில் கொடுங்கள். புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தவணை எந்த மாதம் என்று பாருங்கள். அந்த மாதம் முன்னே வந்திருக்க வேண்டும்.

வட்டி ஏறி இறங்கும்போதும் இதே விஷயம்தான். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கிற ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. அதையொட்டி வீட்டுக் கடன் வட்டியும் ஏறியது. ஆனால் அப்போது நிறைய பேருக்குத் தவணை ஏறவே இல்லை. நிம்மதியாக இருந்தார்கள். பிறகு கணக்கைப் பார்த்தால் காலம் வருடக்கணக்கில் நீண்டிருந்தது. இனி தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பின்பு 2025இல் ரெப்போ வட்டி 6.5இலிருந்து 5.25 வரை இறங்கியது. அதனால் தவணை குறைந்திருந்தால், பழைய தவணையையே கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கலாம். அதுவரை கட்டிப் பழகிய தொகைதானே? தவணை குறைய வேண்டாம், வருடம் குறையட்டும்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்களே என்று இன்னமும் சிலர் பயப்படுகிறார்கள். ஒரு காலத்தில் பல வங்கிகள் வாங்கியது உண்மைதான். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனுக்கு வங்கிகள் அப்படி வாங்கக் கூடாது என்று 2012 ஜூனில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுவிட்டது. எங்கள் வீட்டுக் கடன் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்த அன்று நானும் என் வீட்டுக்காரரும் ராத்திரி வெகுநேரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, கட்டுவதற்குப் பணம்? இரண்டு சம்பளம், இரண்டு பிள்ளைகள், கையில் மிச்சம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அப்போதுதான் பரணைத் திறந்தோம்.

பரணைப் பற்றி நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீடு குரோம்பேட்டையில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, அறைக்கு ஒரு பரண், சமையலறையில் இன்னொன்று. அதில் என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? கல்யாணத்துக்கு வந்த சுவர்க் கடிகாரங்கள், பிரிக்காத டின்னர் செட், மகன் வளர்ந்துவிட்டதால் ஓட்டாத சைக்கிள், ஓடாத மிக்சி இரண்டு, பழைய டிவி, அது வந்த அட்டைப்பெட்டி. அப்புறம் என் மாமியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டா, தவலை, குடங்கள். எதைத் தொட்டாலும் "இருக்கட்டும், என்றைக்காவது உதவும்" என்போம். சதுர அடி இவ்வளவு என்று விலை கொடுத்து, அதற்கு வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில், அந்த இடத்தை ஓடாத மிக்சிக்குக் கொடுத்துவைத்திருந்தோம்.

பித்தளையைப் பற்றி மாமியாரிடம் கேட்க எனக்குத் தயக்கம். அவருடைய அம்மா கொடுத்த சீர் அது. அவரே ஒரு நாள், "ஏம்மா, இந்த அண்டாவில் இனி யார் வெந்நீர் போடப் போகிறார்கள்? வீடு நம் பேருக்கு வந்தால் எனக்கு அதைவிட என்ன வேண்டும்?" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. விற்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். தெருவில் வந்த பழைய பாத்திரக்காரரிடம் முதலில் விலை மட்டும் கேட்டார், கொடுக்கவில்லை. இரண்டு பாத்திரக் கடைகளில் பித்தளை கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்துவரச் சொன்னார். வீட்டிலேயே தராசில் ஒவ்வொன்றாக நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதி உள்ளே போட்டுவைத்தார். கடையில் எடை குறைவாகக் காட்டியபோது, "சீட்டைப் பாருங்க தம்பி, திரும்ப நிறுங்க" என்றார். திரும்ப நிறுத்தார்கள், சரியாக வந்தது. அவருடைய அம்மாவின் பெயர் வெட்டியிருந்த ஒரு குடத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அது இன்றைக்கும் எங்கள் பூஜை அறையில் இருக்கிறது.

அந்தப் பித்தளைப் பணம் மட்டும் ஒரு மாதத் தவணைக்கு மேலேயே வந்தது. அன்றைக்கே வங்கிக்குப் போய் அசலில் கட்டினோம். அன்றைக்கே என்பதை அழுத்திச் சொல்கிறேன். விற்ற பணம் ஒரு வாரம் வீட்டில் தங்கினால் அதற்கு ஒரு செலவு வந்துவிடும். இதற்கென்றே தபால் அலுவலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்கு வைத்தோம். சின்னத் தொகைகளை அதில் போட்டுச் சேர்த்து, கொஞ்சம் பெரிதானதும் கடனில் கட்டினோம். பல வங்கிகளில் இப்படிக் கட்டக் குறைந்தபட்சத் தொகை உண்டு. உங்கள் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை எங்கே விற்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பித்தளை, செம்புக்கு நல்ல விலை உண்டு. எவர்சில்வருக்கு எடைக்கு ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் பிரிக்காத பாத்திரமாக இருந்தால் யாராவது வீட்டுக்கு வாங்கிக்கொள்வார்களா என்று பாருங்கள். பழைய பட்டுச் சேலையில் அசல் வெள்ளிச் சரிகையா என்று சோதித்துப் பார்க்காமல் வாசலில் வருபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். சைக்கிள், மேஜை, நாற்காலி போன்றவற்றுக்கு எங்கள் பக்கத்தில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. பழைய சாமான் அங்கே விற்காதது இல்லை. இப்போது போனிலேயே படம் எடுத்துப் போட்டு விற்கலாம், பிள்ளைகள் செய்து தருவார்கள். யாராவது பணம் அனுப்புகிறேன், க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், ரகசிய எண்ணைப் போடுங்கள் என்று சொன்னால் மட்டும் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் நமக்கு வருவதற்கு ரகசிய எண் எதுவும் போட வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பழைய துணிக்குப் பாத்திரம், பழைய டிவிக்குப் புதிய டிவி என்று மாற்றிக்கொள்ளாதீர்கள். பரண் மறுபடி நிறையும், அசல் ஒரு ரூபாய் குறையாது. பணமாக வாங்குங்கள்.

பரண் சாமான் எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்பீர்கள். ஒரு முறைதான் வரும். ஆனால் எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயம். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய சாமான் நூறுகளில் போவதை வீட்டில் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். பிள்ளைகள் உட்பட. அதன்பிறகு கடைக்குப் போனால், "இது பரணுக்குப் போகுமா?" என்று மகளே கேட்க ஆரம்பித்தாள். ஆடித் தள்ளுபடிக்குப் போவது நின்றது. சிக்கனம் பேசி யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. சாப்பாட்டில், படிப்பில், மருந்தில் கை வைக்கவில்லை. வீட்டில் இருந்த இரண்டு வண்டியில் ஒன்றை விற்றோம், நான் ரயிலுக்கு சீசன் டிக்கெட் எடுத்தேன். சொந்தக்காரர் விசேஷங்களுக்கு எங்களால் முடிந்த மொய் எழுதினோம், பொருளாக வாங்கிக்கொண்டு போவதை விட்டோம். போனஸ், பஞ்சப்படி பாக்கி என்று எது வந்தாலும் நேரே அசலுக்குப் போனது. நான் சொன்ன 30 லட்சக் கணக்கில், வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினாலே மூன்று வருடத்துக்கு மேல் குறைகிறது. ஒரே ஒரு தவணை. பரணும் பஞ்சப்படியும் சேர்ந்தால் பெரும்பாலான வீடுகளில் அது முடியும்.

நேரம் குறைவாக இருப்பதாக நிலையத்தார் கை காட்டுகிறார்கள். எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பல கார்டுகளில் மாதத்துக்கே மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி. நான்கைந்து மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கட்டுங்கள். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், வீட்டுக் கடன் வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை கழிவு இருப்பதையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். வரியில் மிச்சமாவது அந்த வட்டியில் ஒரு பங்குதான்.

கடைசியாகப் பத்திரம். இதற்குத்தான் கொஞ்சம் நேரம் வைத்திருந்தேன். கடன் முடிந்ததும் நிம்மதியில் பலர் வங்கிப் பக்கமே போவதில்லை. முழுதும் கட்டி முடித்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் பக்கத்துக் காரணத்தால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. இது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கடன் வாங்கும்போது கொடுத்த பத்திரப் பட்டியலோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள், மூலப்பத்திரம் உட்பட. பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்குங்கள். எம்.ஓ.டி., அதாவது கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான ஆவணம், பதிவு செய்திருந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒரு வில்லங்கச் சான்று போட்டு, அந்த ரசீது அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.