கஞ்சா மருந்தும் மில்லிகிராம் கணக்கும்

வணக்கம் நேயர்களே. மனநோய்க்குக் கஞ்சாவை மருந்தாக எடுப்பது பற்றிப் பேசச் சொல்லிக் கால்மணி நேரம் தந்திருக்கிறார்கள். கஞ்சா நல்லதா கூடாததா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கஞ்சாக் கடையைத் தாண்டினால் அடுத்தது கண்ணில் படுகிற காலத்தில் அந்த வாதம் பிந்திப்போய்விட்டது. எனக்குள்ள கவலை ஒன்றுதான்: அளவு. எத்தனை மில்லிகிராம், எந்த வழியால், எத்தனை மணிக்கு. இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கஞ்சாவுக்கு வைத்தியர் எழுதித் தரும் கடதாசியைப் பார்ப்போம். கனடாவில் 2001ஆம் ஆண்டிலிருந்து வைத்தியரின் கடிதத்தோடு கஞ்சா பெறலாம். 2018 ஒக்டோபர் 17இல் கடதாசி இல்லாமல் வாங்குவதும் சட்டபூர்வமானது, ஒன்ராறியோவில் 2019 ஏப்ரலிலிருந்து 19 வயது வந்த எவரும் கடையிலேயே வாங்கலாம். ஆனாலும் கடதாசி வழி இன்னும் இருக்கிறது. நித்திரை வரவில்லை, பதகளிப்பு, மனச்சோர்வு, போர்க்கால மனவடு என்று பலர் அதைக் கேட்டு வைத்தியரிடம் போகிறார்கள். எங்கள் சனத்துக்கு இந்த நான்கும் புதிதில்லை.

அந்தக் கடதாசியில் என்ன இருக்கும்? உங்கள் பெயர், பிறந்த திகதி, வைத்தியரின் பதிவு விபரம், எவ்வளவு காலத்துக்கு என்பது, அதோடு நாளுக்கு எத்தனை கிராம் என்பது. காலம் ஒரு வருடத்தைத் தாண்டாது. அதை அனுமதி பெற்ற விற்பனையாளருக்கு அனுப்பினால் தபாலில் பொதி வரும். மருந்துக்கடையில் நீங்கள் வாங்கும் குளிசைக்கு ஒரு மருந்து அடையாள எண் உண்டு. இந்தப் பொதிக்கு அது கிடையாது. எந்த நோய்க்கு, எந்த அளவில் வேலை செய்யும் என்று பரிசோதித்து, கனடாவின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா ஒப்புதல் கொடுத்த பொருள் அல்ல என்பதுதான் அதன் கருத்து. அந்த எண்ணோடு வருபவை வேறு. நபிலோன் என்ற செயற்கை மாத்திரை ஒன்று. நாக்கின் கீழ் அடிக்கும் சாற்றிவெக்ஸ் இன்னொன்று, அதில் ஒரு தடவை அடித்தால் கஞ்சாவில் போதை தரும் பொருளான ரீ.எச்.சீ. 2.7 மில்லிகிராமும், போதை தராத சீ.பி.டீ. 2.5 மில்லிகிராமும் உள்ளே போகும். பாருங்கள், அங்கே கணக்கு இருக்கிறது.

கடதாசியிலோ 'நாளுக்கு ஒரு கிராம்'. நாளுக்கு ஒரு போத்தல் குடி என்று சொல்லிவிட்டு, பியரா சாராயமா என்று சொல்லாமல் விடுவது போன்றது இது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம், பென்சில் தேவையில்லை. இப்போது விற்கும் கஞ்சாப் பூவில் இருபது சதவீதம் ரீ.எச்.சீ. இருப்பது சர்வசாதாரணம். அப்படியென்றால் ஒரு கிராமில் 200 மில்லிகிராம். கால் கிராமில் ஒரு சுருட்டுச் சுற்றினால் 50. புகைத்தால் உடம்புக்குள் சேர்வது அதில் பத்திலிருந்து முப்பத்தைந்து சதவீதம் வரை. இழுக்கும் விதம், மூச்சை அடக்கும் நேரம் எல்லாம் பொறுத்து மாறும். ஆகவே ஒரே சுருட்டில் ஒருவருக்கு 5 மில்லிகிராமும் இன்னொருவருக்கு 17ம் கிடைக்கலாம். பொதியை வாசிக்கும்போது இன்னொன்று: ரீ.எச்.சீ. என்றும் 'மொத்த' ரீ.எச்.சீ. என்றும் இரண்டு எண் போட்டிருப்பார்கள். சூடு பட்ட பிறகு உருவாகப்போவதையும் சேர்த்துச் சொல்வது இரண்டாவது எண். பார்க்கவேண்டியது அதைத்தான். முதல் எண் சின்னதாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம்.

சரி, 5க்கும் 17க்கும் என்ன பெரிய வித்தியாசம்? மனதைப் பொறுத்தவரை அதுதான் முழு வித்தியாசமும். ரீ.எச்.சீ. போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலாவில் நிறைய உண்டு. கொஞ்சமாகப் போனால் பதற்றம் தணியும், கூடப் போனால் அதே இடம் பதறும். சிக்காகோவில் நடந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆரோக்கியமான 42 பேர். சிலருக்கு 7.5 மில்லிகிராம் ரீ.எச்.சீ., சிலருக்கு 12.5, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. பிறகு முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவிட்டு, மனக்கணக்கும் செய்யச் சொன்னார்கள். 7.5 எடுத்தவர்கள் வெறும் குளிசை எடுத்தவர்களைவிடக் குறைவாகவே கலங்கினார்கள். 12.5 எடுத்தவர்களுக்கோ பேசத் தொடங்கமுன்னரே மனம் குழம்பியது. இடையில் ஐந்தே மில்லிகிராம்! அது வாயால் எடுத்த அளவு, புகையோடு அப்படியே ஒப்பிட முடியாது. என்றாலும் பதகளிப்புக்கு என்று சுருட்டை எடுத்தவர் ஏன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறார் என்பது விளங்கும்.

வாயால் எடுப்பதில் இன்னொரு பொறி. புகை சில நிமிடத்தில் தெரியும், இரண்டு மூன்று மணியில் பெரும்பாலும் அடங்கும். கஞ்சா கலந்த கம்மி மிட்டாய், சொக்லேட், எண்ணெய் தொடங்கவே அரை மணியிலிருந்து இரண்டு மணி எடுக்கும். உச்சத்துக்கு நான்கு மணி வரை செல்லும், பன்னிரண்டு மணி நேரம்கூட நிற்கும். போதாததற்கு ஈரல் அதை இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றி அனுப்பும். இரவு ஒன்பதுக்கு எடுக்கிறார், பத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, இன்னொன்று போடுகிறார். பதினொன்றரைக்கு இரண்டும் சேர்ந்து வருகின்றன. கம்மியில் நடக்கும் விபத்துகளில் மிகப் பொதுவானது இந்த இரண்டாவது துண்டுதான். முதல்நாள் 2.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். கடைப் பொதி ஒன்றில் 10 மில்லிகிராம்தான் சட்ட எல்லை, அதைக் கத்தியால் நான்காக வெட்டுங்கள். வயதானவர் என்றால் 1 மில்லிகிராம். அன்றிரவு இன்னொன்று கிடையாது. அதே அளவில் சில நாள் இருந்து பார்த்துவிட்டுத்தான் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்த அளவு விஷயம் நேற்றுக் கண்டுபிடித்ததில்லை. இங்கே கொஞ்சம் பழங்கதை சொல்ல விடுங்கள். 1893இல் பிரித்தானிய இந்திய அரசு கஞ்சா பற்றி விசாரிக்க ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் மக்வேர்த் யங். ஏழு பேரில் மூவர் இந்தியர். ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். கஞ்சா அடித்தால் பைத்தியம் பிடிக்கும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. ஆதாரம் கேட்டால் மனநோய் விடுதிப் பதிவேட்டைக் காட்டுவார்கள். ஆணைக்குழு என்ன செய்தது தெரியுமா? பதிவேட்டை நம்பாமல், அது எப்படி எழுதப்பட்டது என்று கேட்டது.

விடுதிக்கு ஆள் வரும்போது கூடவே ஒரு படிவமும் வரும். அதில் 'நோய்க்குக் காரணம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்புவது பெரும்பாலும் ஆளைப் பிடித்துவந்த பொலிஸ்காரர். ஆளோ தெருவில் அலைந்தவர், கேட்க உறவும் இல்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால் மேலிடம் கேள்வி கேட்கும். 'கஞ்சா' என்று எழுதிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. விடுதி வைத்தியரும் அதை அப்படியே பேரேட்டில் ஏற்றிவிடுவார். வருட முடிவில் அது புள்ளிவிபரமாகி லண்டன் வரை போகும். 1892இல் இப்படிக் கஞ்சாவின் பேரில் எழுதப்பட்ட 222 பேரின் கதையை ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். 98 பேரில்தான் கஞ்சாவுக்கு ஏதாவது பங்கு இருக்கலாம் என்று மிஞ்சியது. மற்றதெல்லாம் கட்டம் நிரப்பியது. அளவோடு எடுப்பதால் மனதுக்குக் கேடில்லை, மிதமிஞ்சி எடுப்பது ஏற்கனவே பலவீனம் உள்ளவருக்குப் பைத்தியத்தைக் கொண்டுவரலாம் என்று 1894இல் அறிக்கை கொடுத்தார்கள். மின்விசிறிகூட இல்லாத விடுதிகளில் நடந்த வேலை, நேயர்களே. இன்றைக்கு வாசித்தாலும் மரியாதை வருகிறது.

ஏன் இவ்வளவு நேரம் இதில் செலவழித்தேன்? கட்டம் நிரப்புவது நிற்கவில்லை. அன்று 'காரணம்' கட்டத்தில் கஞ்சா, இன்று 'குணம்' கட்டத்தில் கஞ்சா. சுகம் வந்தது கஞ்சாவால்தானா என்று யார் தோண்டுகிறார்கள்? தோண்டிய சிலரைச் சொல்கிறேன். அமெரிக்காவில் மனவடு நோயுள்ள 80 முன்னாள் படைவீரர்களுக்கு மூன்று விதக் கஞ்சாவும், வீரியம் நீக்கிய வெற்றுக் கஞ்சாவும் புகைக்கக் கொடுத்தார்கள். 2021இல் முடிவு வந்தது: மூன்று வாரத்தில் எல்லாக் குழுவிலும் நோயின் தாக்கம் குறைந்தது, வெற்றுக் கஞ்சா எடுத்த குழுவிலும்! பொஸ்ரனில் 186 பேரில் 105 பேருக்கு மருத்துவக் கஞ்சா வாங்கும் அட்டையை உடனே கொடுத்தார்கள், மற்றவர்களைப் பன்னிரண்டு வாரம் காக்கவைத்தார்கள். அட்டை கிடைத்தவர்களுக்கு நித்திரை கொஞ்சம் நன்றாக வந்தது. பதகளிப்பிலும் மனச்சோர்விலும் மாற்றமில்லை. கஞ்சாவை விடமுடியாத நிலை கூடியது. 2019இல் 83 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தவர்களும், வேறு உடல்நோய் உள்ளவர்களின் பதகளிப்பில் ஒரு சிறு குறைவைத் தவிர, உருப்படியான சான்று கிடைக்கவில்லை என்றார்கள். கெட்ட கனவுக்கு நபிலோன் உதவியதாகக் கனடியப் படையினரிடம் ஓர் ஆய்வு உண்டு. ஆனால் அதில் பத்தே பேர். நம்பிக்கை தருகிறது, அவ்வளவுதான் சொல்லலாம்.

சீ.பி.டீ. பற்றிக் கேட்பீர்கள். போதை தராது, மேடைப் பயத்துக்கு உதவும் என்கிறார்களே என்று. பிரேசிலில் பரிசோதித்தார்கள், உண்மைதான். ஆனால் உதவியது 300 மில்லிகிராம். 150இல் பலனில்லை, 600இலும் இல்லை. நீங்கள் வாங்கும் கம்மியில் 10 அல்லது 20. எண்ணெய் மில்லிலீற்றருக்கு 20 என்றால், 300க்கு 15 மில்லிலீற்றர் குடிக்கவேண்டும், அதாவது சின்னப் போத்தலில் பாதி. வெறும் வயிற்றில் எடுத்தால் பெரும்பகுதி வீண். கொழுப்புச் சாப்பாட்டோடு எடுத்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு உறிஞ்சும். ஒரு நாள் வெறும் தேநீரோடும், மறுநாள் கொத்துரொட்டியோடும் எடுத்தால் அது ஒரே அளவு அல்ல.

அடுத்தது, பலர் சிக்கிக்கொள்ளும் இடம். மாதக்கணக்காக ஒவ்வொரு இரவும் எடுத்தவர் ஒரு நாள் விடுகிறார். இரண்டாம் மூன்றாம் நாள் எரிச்சல், பதற்றம், பசியின்மை. நித்திரை இல்லை, வந்தாலும் திகில் கனவு. 'பார், மருந்தை விட்டதும் என் வருத்தம் திரும்பிவிட்டது' என்கிறார். அது பழைய வருத்தம் என்று எப்படித் தெரியும்? தினமும் ரீ.எச்.சீ. வந்துகொண்டிருந்தால் மூளை தன் ஏற்பிகளைக் குறைத்துக்கொள்ளும். நிறுத்தினால் அவை பழைய நிலைக்கு வர நான்கு வாரம் அளவில் ஆகும். கனவும் அப்படித்தான்: இவ்வளவு நாள் அமுக்கி வைத்திருந்த கனவு நித்திரை ஒரேயடியாகத் திரும்பும். போர்க்கனவுக்காக எடுத்தவருக்கு இது எவ்வளவு பயங்கரம் என்று யோசியுங்கள். அதனால் திடீரென்று விடாமல், வைத்தியரிடம் சொல்லி வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். கஞ்சா வேலை செய்ததா இல்லையா என்ற முடிவை முதல் வாரத்தில் எடுக்காதீர்கள், ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். கனவுகளை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

யார் தொடவே கூடாது? தனக்கோ, தாய் தகப்பன் சகோதரருக்கோ மனப்பிறழ்வு, உளச்சிதைவு இருந்தவர்கள். இருமுனை மனநிலை நோயுள்ளவர்கள். கர்ப்பிணிகள். மூளை வளர்ந்துகொண்டிருக்கும் இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள். சுவீடனில் 45,000க்கு மேற்பட்ட இளைஞர்களைப் படைச்சேர்ப்பின்போது கேட்டுவைத்துப் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களிடம் உளச்சிதைவு ஆறு மடங்கு. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் செய்த ஆய்வில், பத்து சதவீதமும் அதற்கு மேலும் வீரியமுள்ளதைத் தினமும் எடுத்தவர்களிடம் மனப்பிறழ்வு ஏறத்தாழ ஐந்து மடங்கு. மீண்டும் அளவு. நான் சொன்ன இருபது சதவீதப் பூவை நினைத்துப் பாருங்கள்.

மூன்று நிமிடம்தான் என்று கண்ணாடிக்கு அப்பால் மூன்று விரல் காட்டுகிறார்கள். மருந்தோடு மருந்து மோதுவதுதான் நான் விரிவாகச் சொல்ல வைத்திருந்தது, இப்போது ஓட்டமாகச் சொல்கிறேன். ஈரல் மற்ற மருந்துகளைக் கழிக்கும் வேலையைச் சீ.பி.டீ. மறிக்கும், அதனால் மனச்சோர்வு மருந்தான சிற்றலோபிராம் இரத்தத்தில் ஏறும். வலிப்புக்குக் க்ளோபசாம் எடுப்பவருக்குத் தூக்கக் கலக்கம், வலிப்புக்கோ மனநிலைக்கோ வல்புரோயேற் எடுப்பவருக்கு ஈரல் பரிசோதனையில் ஏற்றம், இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் எடுப்பவருக்கு இரத்தம் உறைவது பிந்தும். உளச்சிதைவுக்குக் க்ளோசபின் எடுப்பவர் கவனம்: புகைக்கும்வரை மருந்து வேகமாகக் கழியும். புகையை விட்டு எண்ணெய்க்கு மாறினால் அதே குளிசை கூடிப்போகும், மாற முன்னர் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பொதியை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் மருந்தாளரிடம் போங்கள், அவர் திட்டமாட்டார்.

வாகனம்: இரத்தத்தில் ஒரு மில்லிலீற்றருக்கு 2 நானோகிராம் ரீ.எச்.சீ. இருந்தாலே குற்றம், 5 என்றால் பெரிய குற்றம், வைத்தியரின் கடதாசி இருக்கிறது என்று தப்ப முடியாது. புதிய சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள பிள்ளைகளுக்குப் பூச்சியம். ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஒரு கம்மிகூட வேண்டாம். கனடா எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவதே குற்றம், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இந்தக் கடதாசியை யாரும் வாசிக்கப்போவதில்லை. தற்கொலை எண்ணம் வந்தால் கனடாவில் 988 என்ற எண்ணுக்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும். கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். வணக்கம்.